குடுக்கை போன வழி

கதை கேட்க வந்தவர்கள் காலை மடக்கி உட்காருங்கள். காலை நீட்டிக்கொண்டு ஏரிக் கதை கேட்டால் கால் நனைந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பொய்தான். இருந்தாலும் மடக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு அந்த மரியாதை தகும்.

ஏரி வெட்டியே ராஜாக்கள் பெயர் வாங்கிய காலம் அது. வேம்பநாடு என்று ஒரு நாடு. அதை நெடுங்கண்டன் என்கிற ராஜா ஆண்டான். நல்லவன்தான். காது மட்டும் கொஞ்சம் மெல்லிய காது. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னது அதில் தங்கிவிடும்.

அவன் நாட்டில் பேரேந்தல் என்று ஓர் ஏரி இருந்தது. அவனுடைய முப்பாட்டன் குயிலாற்றை மறித்துக் கட்டியது. இக்கரையில் நின்றால் அக்கரை தெரியாது. அக்கரையில் கிளம்புகிற நாரை நடுவழியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் இக்கரை வந்து சேரும். காற்றடிக்கிற நாளில் அலை எழும்பும். கடலையே பார்க்காத ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை.

ஏரிக்கரையை ஒட்டி மீன்பிடிக்கிறவர்களின் தெரு. அவர்களுக்கு ஒரு காணி நிலம் கிடையாது. வலை உண்டு, தோணி உண்டு, ஏரி உண்டு. அதற்கு மேல் எதுவும் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை.

அவர்கள் செய்த தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீன்பிடிக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஒரு வருடம் பெரிய மீன் குறைந்தது. உடனே வலைக்கண்ணைச் சிறிதாக்கினார்கள். கண் சிறிதானதும் குஞ்சுகள் மாட்டின. குஞ்சுகள் மாட்டியதால் அடுத்த வருடம் பெரிய மீன் இன்னும் குறைந்தது. வலைக்கண்ணை இன்னும் சிறிதாக்கினார்கள். கடைசியில் கொசுவுக்குக் கட்டுகிற துணி மாதிரி ஆகிவிட்டது அவர்கள் வலை. அதில் விழுந்ததெல்லாம் விரல் நீள மீன்.

இப்படி இருக்கும்போது ராஜாவுக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் வைக்கிற விருந்துக்குப் பக்கத்து நாட்டு ராஜாக்கள் வந்தார்கள். பேரேந்தல் மீன் என்று சொல்லி இலையில் பரிமாறினார்கள். ஒரு ராஜா சாப்பிட்டான், எழுந்தான், கை கழுவினான். பிறகு துரும்பு ஒன்றை எடுத்துப் பல்லைக் குத்திக்கொண்டே, "உங்கள் ஏரி மீன் என் பல்லிடுக்கில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நெடுங்கண்டனும் சிரித்தான். அவன் சிரிப்பில் அவமானம் இருந்தது.

அவனருகில் பூதங்கிழார் உட்கார்ந்திருந்தார். நாட்டில் பாதி வயல் அவருடையது. மீதிப் பாதியையும் அவர் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்.

"பெருமானே, ஆழத்தில்தான் பெரிய மீன் வளரும். விரல் நீள மீன் வளர்கிற இடத்தை ஏரி என்றால் என்ன, குட்டை என்றால் என்ன? மண் மேடிட்டுப் போயிற்று. கரையை வெட்டி நீரை வடித்துவிட்டால் பொன் விளைகிற வண்டல் நிலம். நான் உழுது காட்டுகிறேன்."

மறுநாள் ராஜா யானைமேல் ஏறிப் போய் ஏரிக்குள் இறங்கிப் பார்த்தான். நெடுந்தூரம் போனான். தண்ணீர் யானையின் முழங்காலைத் தாண்டவில்லை. கிழார் சொன்னது காதில் நன்றாகத் தங்கிவிட்டது.

ஆனால் அவன் நியாயஸ்தன். கரைமேல் நின்று தன் வேலை உயர்த்திப் பிடித்தான். ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் அரை ஆள் உயரம் இருக்கும் அந்த வேல்.

"இந்த வேல் நீளத்துக்கு இந்த ஏரியிலிருந்து ஒரு மீன் வரட்டும். பேரேந்தல் ஆழமான ஏரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். வராவிட்டால் சித்திரை பிறக்கிற அன்று கரையை வெட்டிவிடுவேன்."

"உயிரோடு வரவேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் கிழார். "கடலில் செத்ததை வாங்கிவந்து போட்டுவிடுவார்கள்."

ராஜா சேர்த்துக்கொண்டான். அப்போது பங்குனி தொடங்கியிருந்தது.

தெரு திகைத்துப் போயிற்று. நிலம் வைத்திருக்கிறவன் எங்கே போனாலும் நிலம் அங்கேயே கிடக்கும், திரும்பி வரலாம். தோணி வைத்திருக்கிறவன் ஏரி வற்றிய பிறகு தோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவான்? பெண்கள் அடுப்பு மூட்டவில்லை. ஆண்கள் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் வேட்டன் கிளம்பினான். தெருவிலேயே பெரிய வலை அவனுடையது. இரண்டு கரைத் திட்டுக்கு நடுவே அதை விரித்து, ஆட்களை விட்டு இழுத்தான். வலை கனத்தது. வேட்டனுக்கு நெஞ்சு துடித்தது. கரையில் கொட்டினால் மலை மாதிரி மீன். எல்லாம் விரல் நீளம்.

அடுத்து அந்துவன் கிளம்பினான். தோணி தோணியாக ஆட்களை ஏற்றி, பலகையைத் தட்டி, பறை கொட்டி, தண்ணீரை அடித்து மீனை விரட்டினான். அந்தச் சத்தத்தில் அக்கரை ஊரில் தூளியில் கிடந்த பிள்ளைகள் எழுந்து அழுதனவாம். அவனுக்குக் கிடைத்தது முழங்கை நீளத்தில் ஒரு கெளுத்தி. ராஜாவின் வேலுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவதாகக் கிளம்பியவள் கொற்றி.

கொற்றி அந்தத் தெருவில் பிறந்தவள் இல்லை. மேற்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து நாகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாகன் துடுப்புப் போடுவான், அவள் தூண்டில் போடுவாள். இருவரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள், ஒரே தோணியில்தான் போவார்கள். அவர்களுக்கு அந்தத் தோணியைத் தவிர வேறு சொத்தும் இல்லை.

வேட்டனும் அந்துவனும் தோற்ற மறுநாள் கொற்றி கரைமேல் நின்று ஏரியைப் பார்த்தாள். பேரேந்தல் முழுக்கத் தாமரையும் ஆம்பலும் படர்ந்து கிடந்தன. நடுவில் மட்டும் கொடியே இல்லாத ஒரு வெற்றுப் பாதை. நடந்துகொண்டே மாடு மூத்திரம் பெய்தால் தரையில் விழுமே ஒரு கோணல் தடம், அப்படி வளைந்து வளைந்து மதகிலிருந்து நடு ஏரி வரைக்கும் அது போயிற்று. தெருக்காரர்கள் அதற்குப் பாழ்வழி என்று பெயர் வைத்திருந்தார்கள். கொடி இல்லாத இடத்தில் பூச்சி இல்லை, பூச்சி இல்லாத இடத்தில் குஞ்சு இல்லை, குஞ்சு இல்லாத இடத்தில் வலை போடுகிறவன் முட்டாள். இப்படித்தான் அவர்கள் கணக்கு.

"ஏய்யா, அந்த வழியில ஏன் கொடி மொளைக்கல?" என்று கேட்டாள் கொற்றி.

"அது பாழ்வழி புள்ள. அங்க ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத எடம் ஆறு மாதிரி வளையுமா?"

நாகன் பார்த்தான். பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த ஏரியை அன்றுதான் பார்த்தான். தாமரைக் கொடி எவ்வளவு நீளமாக வளர்ந்தாலும் அதன் வேர் தரையைத் தொட்டாக வேண்டும். தரை எட்டாத இடத்தில் அது முளைக்காது. முப்பாட்டன் மறித்த குயிலாறு எங்கேயும் போய்விடவில்லை. ஏரிக்கு அடியில் தன் பழைய பள்ளத்திலேயே வளைந்து படுத்திருக்கிறது. நாகனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவர்கள் கொல்லனிடம் போய்க் கட்டைவிரல் பருமனுக்குத் தூண்டில் முள் அடித்து வாங்கினார்கள். கிணற்றில் இறைக்கிற வடக்கயிற்றில் முள்ளைக் கட்டினார்கள். மறுமுனையைத் தோணியில் வைத்துக்கொண்டு, கயிற்றின் நடுவில் மிதப்புக்கு ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டினார்கள். ஆள் தலையைவிடப் பெரியது, காய்ந்தது. அதைத் தண்ணீருக்குள் அமுக்க இரண்டு ஆள் வேண்டும்.

இரை வேண்டுமே. கொடி ஓரத்தில் சின்னத் தூண்டில் போட்டாள். முழங்கை நீளத்தில் ஒரு விரால் கிடைத்தது. அந்த வருடத்தில் அப்படி ஒரு விராலை யாரும் கண்டதில்லை. நாகனுக்கு வாயில் எச்சில் ஊறியது. மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும் என்று அவன் வாய்விட்டே சொன்னான். கொற்றி அதைத் தூண்டிலில் கோத்தாள்.

"ஏ கொற்றி, நான் திங்க வேண்டியதப் புழுவாக்கிட்டியே."

"நீ புழுவத் தின்னு வயிறு நெறைப்பியா? அதுவும் அப்படித்தான்யா. பெரிசு வேணும்னா அதுக்கு விருந்து வைக்கணும்."

பாழ்வழிக்குள் தோணி நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கொடிகளுக்குள் தவளைச் சத்தமும் பறவைச் சத்தமும் இருந்தன. இங்கே எதுவும் இல்லை. நீர்க்காகங்கள்கூட இந்தப் பாதையைத் தாண்டிப் பறந்தனவே தவிர, ஒன்றும் இறங்கி முங்கவில்லை. கொற்றி கையை நீரில் விட்டாள். மேலே பங்குனி வெயில் கொதிக்கிறது, கீழே கை விறைக்கிறது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. இத்தனை காலம் ஒரு பெரிய வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து பொரி பொறுக்கிக்கொண்டிருந்தோம், கதவைத் தள்ளிப் பார்க்கவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று ஒன்றும் கடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பிறகு ஒரு காலையில் குடுக்கை அசைந்தது. இழுத்தால் ஒரு வாளை.

வாளையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செதில் கிடையாது. வெள்ளித் தகடு போல உடம்பு. வாய் கிழிந்து போயிருக்கும், அதற்குள் வரிசை வரிசையாகப் பல். மேல்தாடையில் இரண்டு நீண்ட மீசை. இந்த வாளை ஓர் ஆட்டுக்குட்டி நீளம் இருந்தது. கொற்றி முள்ளைக் கழற்றி அதை நீரில் விட்டாள். நாகன் பெருமூச்சு விட்டான்.

சில நாள் கழித்து இன்னொன்று. இது கன்றுக்குட்டி நீளம். கொற்றி அதையும் விட்டாள். நாகன் வானத்தைப் பார்த்துக்கொண்டான்.

பங்குனி முடியப் போகிற சமயத்தில் மூன்றாவது வந்தது. அதைத் தோணியோரம் கொண்டுவருவதற்குள் இருவருக்கும் உள்ளங்கை உரிந்துவிட்டது. நாகன் ராஜாவின் வேல் நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி வைத்திருந்தான். மீனின் பக்கத்தில் அதை நீட்டிப் பார்த்தான். மீனைவிட மூங்கில்தான் ஒரு சாண் நீளமாக இருந்தது.

"ஒரு சாண்தான் கொற்றி. ஒரு சாணுக்காக ராசா ஏரிய ஒடைச்சிடுவாரா?"

"ராசா மாட்டாரு. பூதங்கிழார் ஒரு வெரக்கட கொறஞ்சாலும் ஒடைக்கச் சொல்லுவாரு."

"அப்ப இதக் கட்டிப் போட்டுட்டு மேல தேடுவம். ஒண்ணும் இல்லாமப் போறதுக்கு இது இருக்கட்டும்."

கொற்றி யோசித்தாள். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவள் என்ன கல்லா? உரிந்த கையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், தெருவை நினைத்தாள். பிறகு சொன்னாள்.

"இது கட்டிக் கெடந்தா நம்ம தேட மாட்டம்யா. நேரம் ஆக ஆக இந்த ஒரு சாண் நம்ம கண்ணுக்குக் கொறஞ்சுக்கிட்டே வரும். கடைசியில சரியா இருக்குன்னு நாமளே சொல்லிக்குவம்."

சொல்லிவிட்டு முள்ளைக் கழற்றினாள். மீன் ஒரு கணம் நின்றது, பிறகு கறுப்புத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. நாகன் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. துடுப்பை மட்டும் போட்டான். ஆனால் கோபத்திலும் சத்தமில்லாமல் போட்டான். நல்ல மனுஷன்.

செய்தி தெருவுக்குத் தெரிந்தது. வேட்டன் வீடு தேடி வந்து கத்தினான். "ஏண்டா நாகா, பொஞ்சாதி விடுறா, நீ பாத்துக்கிட்டு இருக்க. நாளைக்கு ஊர விட்டுப் போறப்ப என் புள்ளைங்கள ஒன் வீட்டுலயா விட்டுட்டுப் போறது?"  அன்று கொற்றிக்குச் சோறு இறங்கவில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று அவளுக்கும் தோன்றியது.

பங்குனியின் கடைசி நாள் விடிந்தது. கிழாரின் ஆட்கள் மண்வெட்டியோடு கரைக்கு வந்துவிட்டார்கள். பாழ்வழி வளைந்து வளைந்து போய் முடிகிற நடு ஏரியில் கொற்றி இரையை இறக்கினாள். குடுக்கை மிதந்தது. வெயில் ஏறியது.

குடுக்கை அசையவில்லை, ஆடவில்லை. திடீரென்று அது அங்கே இல்லை.

பிறகு தோணி நகர்ந்தது. நாகன் துடுப்பையே தொடவில்லை. தோணி தானாகப் போயிற்று. முதலில் மெதுவாக, பிறகு மாட்டுவண்டி வேகத்தில், பிறகு முனையில் நுரை கிளம்ப. கயிற்றைத் தோணிக் கட்டையில் சுற்றிவிட்டு இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஒரு வளைவு திரும்பியது, இன்னொரு வளைவு திரும்பியது. ஆற்றின் வழி தெரிந்த ஒன்று அவர்களை இழுத்துக்கொண்டு போயிற்று. கொற்றி கயிற்றைக் கொஞ்சம் விடுவாள், கொஞ்சம் வாங்குவாள், விடுவாள், வாங்குவாள். உச்சி வெயில் சாயத் தொடங்கியபோது இழுப்பு தளர்ந்தது.

அது மேலே வந்தது.

எப்படிச் சொல்வேன்? தண்ணீர் முதலில் வெளுத்தது. அடியிலிருந்து ஒரு வெளிச்சம் ஏறி வருவது போல இருந்தது. அப்புறம் தலை தெரிந்தது. தலைக்குப் பின்னால் உடம்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடிகிறது என்று நினைத்த இடத்தில் முடியவில்லை. முதுகில் பாசி படிந்து கறுத்திருந்தது. தாடையில் எந்தக் காலத்திலோ யாருடைய தூண்டிலோ கிழித்த பழைய தழும்பு. கண் ஒன்று அவர்களைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை, பயமும் இல்லை. நீங்கள் யார் என்று கேட்பது போல இருந்தது. நாகன் வாய் பிளந்து நின்றான். கும்பிட வேண்டும் போல இருந்தது கொற்றிக்கு. கையில் கயிறு இருந்ததால் தலையை மட்டும் குனிந்தாள்.

மூங்கிலை நீட்டிப் பார்க்க இருவருக்கும் நினைவே வரவில்லை. அதைத் தோணியில் ஏற்றவும் முடியாது, ஏற்றினால் தோணி கவிழ்ந்துவிடும். நீரிலேயே மெல்ல நடத்திக்கொண்டு பாழ்வழியாகவே மதகுக்கு வந்தார்கள்.

ராஜா மதகுப் படியில் இறங்கி வந்தான். ஊரே கரைமேல் நின்றது. மீனின் பக்கத்தில் ராஜா தன் வேலை வைத்தான். வேல் முடிந்த பிறகும் வால் ஒரு முழம் நீண்டிருந்தது. ராஜா நின்ற படியில் தண்ணீர் அவன் இடுப்பு வரை இருந்தது. பட்டு நனைவதை அவன் கவனிக்கவில்லை. "இது எத்தனை வயது இருக்கும்?" என்று தணிந்த குரலில் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை.

அப்போது பூதங்கிழார் பேசினார். அவர்தான் கடைசியாகப் பேச வேண்டும் என்று காத்திருப்பவராயிற்றே.

"பெருமானே, மீன் பெரிய மீன்தான். மறுக்கவில்லை. ஆனால் எந்த வெள்ளத்திலோ வழி தவறி வந்த மீன். தெருவில் ஒரு யானை வந்து நின்றால் தெரு காடாகிவிடுமா?"

ராஜா யோசித்தான். கிழார் சொன்னது காதில் தங்குவது முகத்திலேயே தெரிந்தது. "சொன்ன வாக்குச் சொன்னதுதான்" என்றான். "இந்த வருடம் கரையை வெட்டவில்லை."

தெரு முழுவதும் மூச்சு விட்டது. வேட்டன் அழுதேவிட்டான். கொற்றி மட்டும் மூச்சு விடவில்லை. இந்த வருடம் என்ற இரண்டு சொல் அவள் காதில் விழுந்துவிட்டது. அடுத்த வருடம் இன்னொரு விருந்து வரும், இன்னொரு ராஜா பல் குத்துவான், கிழார் கடைசியாகப் பேசுவார்.

"ராசா, இந்த வருசத்துக்கு மட்டும்னா வேணாம்" என்றாள் கொற்றி.

நாகன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை.

"ஏரிக்கு ஆழம் இருக்கா இல்லையான்னு இந்த மீனையே கேப்பம். அதோ, கரையில நிக்குது பாருங்க தென்ன, அது ஒசரத்துக்குக் கயித்த அளந்து இது வாயில கட்டி, மறுமுனையில குடுக்கையக் கட்டி விட்டுடறேன். அது வீட்டுக்குப் போவும். தென்ன ஒசரத்துக்கு ஆழம் இல்லன்னா, அது எங்க போயிப் படுத்தாலும் குடுக்க மேல மெதக்கும். மெதந்துச்சுன்னா கிழார் சொன்னது நெசம், நாளைக்கே கரைய வெட்டுங்க. குடுக்க முங்கி உள்ளயே நின்னுச்சுன்னா நான் சொன்னது நெசம். அப்புறம் எந்த வருசத்துலயும் யாரும் மண்வெட்டியோட இந்தக் கரைக்கு வரக்கூடாது."

"அடிப்பாவி" என்றான் வேட்டன். "கெடைச்சத வாங்கிக்கிட்டு வாடி."

கிழார் புன்னகை செய்தார். இந்தப் பெண் தானாக வந்து கண்ணியில் காலை வைக்கிறாளே என்று அவருக்குச் சந்தோஷம். ராஜா அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியே ஆகட்டும்" என்றான்.

அந்துவன் கயிற்று முனையைக் கடித்துக்கொண்டு தென்னையில் ஏறினான். கீழே ராஜாவின் ஆள் மறுமுனையைத் தரையில் அழுத்திப் பிடித்து அறுத்தான். அந்த ஊரிலேயே உயரமான தென்னை அது. கொற்றி முள்ளைக் கழற்றிவிட்டு, அது போட்ட துளையில் வாழைநார் முறுக்கிக் கயிற்றைக் கட்டினாள். சில நாளில் நார் அழுகிக் கயிறு தானாக விழுந்துவிடும், மீனுக்குத் தொல்லை இருக்காது.

களைத்த மீனை அப்படியே விட்டால் செத்துப் போகும். அவள் கழுத்தளவு நீரில் நின்று, அதன் தலையைக் கையில் ஏந்தி, மெதுவாக முன்னும் பின்னும் நடத்தினாள். செவுள் மூடித் திறந்தது. மறுபடி திறந்தது. பிறகு கதவு போல அகலத் திறந்தது.

"போ தாயி. வேற எங்கயும் போவாத. நேரா ஒன் வீட்டுக்குப் போ" என்று சொல்லிக் கையை எடுத்தாள்.

குடுக்கை முதலில் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கிளம்பியது. கொடிகளின் பக்கம் போகவில்லை. பாழ்வழியில் இறங்கிப் போயிற்று. வலதுபக்கம் வளைந்தது. நீள நேராக ஓடியது. இடதுபக்கம் வளைந்தது. கரைமேல் நின்ற கிழவர் ஒருவர், "அது ஆறுய்யா, குயிலாறு போற வழிய்யா அது" என்று முணுமுணுத்தார். முப்பாட்டன் காலத்தில் மறைந்த ஆற்றை அந்தச் சுரைக்குடுக்கை தண்ணீர்மேல் மறுபடி வரைந்துகொண்டே போயிற்று. ஊரே அதன் பின்னால் கண்ணால் நடந்தது.

நடு ஏரிக்குப் போனதும் குடுக்கை நின்றது. ஆடியது. மிதந்தது.

"மிதக்கிறது" என்றார் கிழார்.

 குடுக்கை மிதந்துகொண்டே இருந்தது. நாகன் கண்ணை மூடிக்கொண்டான். கொற்றி மூடவில்லை.  பார்த்துக்கொண்டே நின்றாள்.

குடுக்கை ஒருமுறை தலை அசைத்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

வரும் என்று எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அமுக்க முடிகிற குடுக்கை அது, பிடி கொஞ்சம் விட்டாலும் துள்ளி மேலே வந்துவிடும். வரவில்லை. அது போன இடத்தில் வட்டம் வட்டமாக அலை கிளம்பி, விரிந்து, தாமரை இலைகளை அசைத்துவிட்டு அடங்கியது. நாரைகள் கூட்டுக்குத் திரும்பின. வெயில் மஞ்சளாகி ஏரிமேல் படுத்தது. குடுக்கை வரவே இல்லை. அங்கே, அந்தத் தட்டையான தண்ணீருக்குக் கீழே, தென்னை மரமே நின்றாலும் தலை தெரியாத ஒரு பள்ளத்தில், அந்த மீன் தன் வீட்டில் படுத்திருந்தது. இத்தனை ஜனம் நின்ற கரையில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

கிழார் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் யார் காதிலும் தங்கியிருக்காது.

ராஜா படியிலேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். "இதையா நான் உழச் சொன்னேன்?" என்றான்.

பிறகு மண்வெட்டி ஆட்களைக் கையசைத்து அனுப்பிவிட்டுக் கொற்றியைப் பார்த்தான். "அந்த மீன் என் வேலைவிட நீளம். ஜெயித்துவிட்டாய். அதற்குப் பிறகும் எப்படி அதை விட மனசு வந்தது?"

கொற்றி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அது இங்கயே கெடந்தா நீங்க மீனத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க ராசா. ஏரியப் பாத்திருக்க மாட்டீங்க."

கேட்டீர்கள் அல்லவா? கையில் கிடைத்ததே போதும் என்று இறுக்கிக்கொள்ளாமல் அதை விடத் துணிகிறவர்களுக்கே அதைவிடப் பெரியது வந்து சேரும்.